வினாவும் விடையும்: கார்னெல் வேளாண் கல்லூரியின் மக்கட் பணி (1894–1914)

1. முன்னுரை

பல்கலைக்கழகம் என்பது தன் மதிலுக்குள் வந்தமர்ந்து பயில்வார்க்கு மட்டும் உரியதோ, வர இயலாது ஊரில் நின்றுவிட்டார்க்கும் உரியதோ என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வலுப்பெற்று எழுந்தது. அவ்வினாவிற்குச் செயலால் விடை கூறிய நிறுவனங்களுள் ஒன்று, நியூயார்க்கு மாநிலத்து இதாக்கா நகரில் அமைந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி. 1971 முதல் 'வேளாண்மை, உயிரறிவியல் கல்லூரி' என வழங்கும் அக்கல்லூரி, 1894 முதல் 1914 வரையுள்ள இருபதாண்டுகளில் ஊர்ப்புற மக்களிடையே ஆற்றிய பணியை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேளாண் கல்லூரியின் வரலாற்றிற்கும் தமிழாய்வு இதழுக்கும் என்ன தொடர்பு என ஒருவர் ஐயுறலாம். இவ்வரலாற்றில் உரமும் ஏரும் ஒரு பகுதியே; பெரும்பகுதி எழுத்தைப் பற்றியது. கற்றவர் தம் ஆய்வறையில் கண்டதை, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய உழவர்க்கும் அவர்தம் மனைவியர்க்கும் மக்கட்கும் எம்மொழியில், எவ்வடிவில், எம்மனப்பான்மையோடு எழுதினர் என்பதே இதன் உயிர்ப்பகுதி. அறிவியலை மக்கள் மொழியில் எழுத முனையும் எந்நாட்டார்க்கும் இது பயன்தரும் ஆராய்ச்சியாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் இலக்கண நூலார் வகுத்த கருவியொன்று பெரிதும் உதவுகின்றது. பவணந்தியார் நன்னூலில் வினாவை அறுவகைப்படுத்தினார். விடையைத் தான் அறிந்திருந்தும் பிறன் அறிவானோ எனத் தேர்தற்குக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியாவினா. ஒன்றைக் கொடுக்கும் கருத்தோடு கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்விக்கும் கருத்தோடு கேட்பது ஏவல்வினா. ஏனைய இரண்டும் ஐயவினா, கொளல்வினா என்பன. உரையாசிரியர்கள் அறிவினாவை ஆசிரியர்க்கும் அறியாவினாவை மாணாக்கர்க்கும் உரியனவாகக் காட்டுவது வழக்கம். கார்னெல் வேளாண் கல்லூரியின் பணி சிறந்த இடங்களில் எல்லாம், ஆசிரியராகிய கல்லூரி மாணாக்கர்க்குரிய அறியாவினாவை மேற்கொண்டது என்பதும், அப்பணி தளர்ந்த இடங்களில் அவ்வினா ஏவல்வினாவாகத் திரிந்தது என்பதும் நாம் ஈண்டு நிறுவக் கருதும் கருத்துகளாம்.

2. நிலமும் கடனும்

1862ஆம் ஆண்டு சூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட மாரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திற்கும் அதன் கூட்டரசு மன்ற உறுப்பினர் ஒருவர்க்கு 30,000 ஏக்கர் என்னும் கணக்கில் பொது நிலத்தை வழங்கியது. அந்நிலத்தை விற்று வரும் பொருளைக் கொண்டு வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளைப் பேணுதல் வேண்டும் என்பது சட்டத்தின் விதி. மக்கட்டொகை மிகுந்த நியூயார்க்கு மாநிலத்திற்கு ஏறத்தாழ 9,90,000 ஏக்கர் உரிமையாயிற்று. எசுரா கார்னெல் என்னும் செல்வரும் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் என்னும் அறிஞரும் முயன்று 1865இல் பல்கலைக்கழகத்திற்குப் பட்டயம் பெற்றனர். 1868இல் வகுப்புகள் தொடங்கின.

பிற மாநிலங்கள் பல தமக்குக் கிடைத்த நில உரிமைச் சீட்டுகளை விரைந்து குறைந்த விலைக்கு விற்றுவிட்டன. எசுரா கார்னெல் அவ்வாறு செய்யவில்லை. விசுகான்சின் மாநிலத்தில் ஊசியிலை மரங்கள் அடர்ந்த நிலங்களாக ஏறத்தாழ 5,00,000 ஏக்கரைத் தேர்ந்து, விலை உயரும் வரை பல்கலைக்கழகத்தின் பொருட்டுக் காத்திருந்தார். பிற்காலத்தில் அந்நிலங்களால் வந்த வருவாயே கார்னெலின் பெருஞ்செல்வத்திற்கு அடிப்படையாயிற்று. அக்காடுகள் ஒசிப்வே என்னும் பழங்குடி மக்கள் 1837, 1842 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் கைவிட நேர்ந்த நிலப்பரப்பில் அமைந்தவை. இதாக்கா நகரே காயுகா மக்களின் பழைய நிலம். எனவே இப்பல்கலைக்கழகம் தோன்றும்போதே இருவகைக் கடன் பட்டிருந்தது எனலாம். ஒன்று, சட்டம் விதித்த கடன்: உழவர்க்குப் பயன்படுதல். மற்றொன்று, சட்டம் பேசாத கடன்: நிலத்தை இழந்தார்க்குரியது. முதற்கடனைத் தீர்க்க எடுத்த முயற்சியையே இனிக் காண்போம். இரண்டாவதனை இறுதியில் மீண்டும் நோக்குவோம்.

தொடக்க ஆண்டுகளில் வேளாண்மை பயில வந்த மாணாக்கர் மிகச் சிலரே. 1874இல் வந்து சேர்ந்த ஐசக் பிலிப்சு ராபர்ட்சு என்பார் உழவர் குடியில் பிறந்தவர். அயோவா மாநிலத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர். பேராசிரியர் சிலர் மாட்டுக்கொட்டிலைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருந்தாததாகக் கருதிய காலம் அது. உழவரோ ஏட்டுக்கல்வியால் உழவு வளரும் என நம்பவில்லை. இவ்விரு ஐயங்களுக்கும் இடையே நின்று ராபர்ட்சு தம் பணியைச் செய்தார். 1886இல் உழவரைப் பல்கலைக்கழகத்திற்கே அழைத்துக் கூட்டம் நடத்தினார். 1887இல் நிறைவேறிய ஆட்ச்சுச் சட்டம் மாநிலந்தோறும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமையப் பொருளுதவி செய்தது. இதனால் கூறத்தக்க செய்தி கல்லூரியிடம் பெருகியது. அதனைக் கேட்பார் யாவர், அவர்க்கு எவ்வாறு கூறுவது என்பவற்றிற்கே விடை தோன்றவில்லை.

3. திராட்சைத் தோட்டத்தாரின் வேண்டுகோள்

அவ்விடை கல்லூரியிலிருந்து தோன்றாமல் கல்லூரிக்கு வெளியிலிருந்து தோன்றியது என்பது நோக்கற்பாலது. நியூயார்க்கு மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் உள்ளது சட்டாக்குவா வட்டாரம். திராட்சையும் பிற பழங்களும் விளையும் நிலம் அது. அப்பகுதியினர் தம் தோட்டங்களைத் தாக்கிய நோய்களையும் பூச்சிகளையும் பற்றி வினவக் கார்னெலை நாடினர். பொருளுதவிக்கு வழி தேடியவர் அவ்வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர் நிக்சன். அவர் பெயரால் வழங்கும் சட்டம் 1894இல் நிறைவேறியது. மேற்கு நியூயார்க்கின் தோட்டக்கலை ஆராய்ச்சிக்கென அது 8,000 டாலரைக் கார்னெலுக்கு ஒதுக்கியது. பின்வந்த ஆண்டுகளில் தொகையும் பரப்பும் வளர்ந்தன.

இப்பொருளைக் கையாளும் பொறுப்பு லிபர்ட்டி ஐடு பெய்லி என்பாரைச் சார்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 1858இல் பிறந்து, தந்தையின் பழத்தோட்டத்தில் வளர்ந்து, தாவரவியலில் தேர்ச்சி பெற்று, 1888இல் கார்னெலின் தோட்டக்கலைப் பேராசிரியரானவர் அவர். பெய்லி ஆய்வறையில் அமர்ந்து அறிக்கை எழுதுவதோடு நின்றாரல்லர். அவரும் அவர்தம் துணைவரும் தோட்டந்தோறும் சென்றனர். ஆங்காங்கே கூடிய மக்களிடையே பேசினர். கண்டதை எளிய நடையில் சிற்றேடுகளாக எழுதி விடுத்தனர். சட்டாக்குவாவின் பழத்தோட்ட உழவராகிய சான் வால்ட்டன் சுபென்சர் இப்பணியில் ஈர்க்கப்பட்டுப் பின்னர்க் கல்லூரியிலேயே பணி ஏற்றார். ஊரிலிருந்து ஓர் உழவர் வந்து கல்லூரியின் குரலாக அமைந்தமை இவ்வியக்கத்தின் தன்மையை உணர்த்தும்.

1893இல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார வீழ்ச்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. விளைபொருளின் விலை சரிந்தது. ஊரினர் பலர் நியூயார்க்கு நகரை நாடிச் சென்றனர். அங்கும் வேலையின்றி வாடினர். ஊரில் நின்று வாழ்தற்குரிய பற்றினைச் சிறுவர் உள்ளத்திலேயே ஊன்றுதல் வேண்டும் என்னும் கருத்து அறச்செல்வரிடையே பரவிற்று. பெய்லியின் பணி தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்திற்குத் திரும்பியது இக்காரணத்தாலேயாம்.

4. வித்தினிடம் கேட்ட வினா

1896ஆம் ஆண்டு திசம்பரில் கல்லூரி, பள்ளியாசிரியர்களுக்கெனத் துண்டு வெளியீடு ஒன்றை விடுத்தது. பூசணி இனத்துச் செடியொன்று வித்திலிருந்து எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதே அதன் பொருள், எழுதியவர் பெய்லி. அடுத்து வந்தது மெழுகுத்திரி எரியும் வகையைப் பற்றியது. அதனை அடுத்தது ஆப்பிள் மரத்தின் நான்கு சுள்ளிகளைப் பற்றியது. தலைப்புகளே இவற்றின் போக்கை விளக்கும். தாவரவியலின் பிரிவுகளும் கலைச்சொற்களும் முன்னிற்கவில்லை. கையில் எடுக்கத்தக்க ஒரு வித்து, ஒரு திரி, ஒரு சுள்ளி முன்னின்றன.

முதல் வெளியீட்டின் முறை தனித்து ஆராய்தற்குரியது. பூசணி வித்து முளைக்கும்போது தண்டின் அடியில் சிறு முளை போன்ற உறுப்பொன்று தோன்றி, வித்தின் மேற்றோலைப் பற்றி நிறுத்துகின்றது. வளைந்தெழும் தண்டு அத்தோலினின்று இலைகளை உருவி எடுக்கின்றது. இச்செய்தியை ஒரு வரியில் கூறி மனப்பாடம் செய்விப்பது எளிது. பெய்லி காட்டிய வழி வேறு. பல வித்துகளை ஊன்றி, வளர்ச்சியின் வெவ்வேறு நிலைகளில் தோண்டிப் பார்த்து, அவ்வுறுப்பு எங்கே தோன்றுகின்றது, எதற்காகத் தோன்றுகின்றது என்பதை மாணாக்கரே காணுமாறு செய்வது அது. ஆசிரியர் கேட்கும் அறிவினா இங்கு வித்தினை நோக்கிய அறியாவினாவாக மாறுகின்றது. விடை கூறுவது நூலன்று; வித்து.

இம்முறையை முழுவடிவாக்கியவர் அன்னா பாட்சுபோர்டு காம்சுடாக்கு என்னும் அம்மையார். பூச்சியியல் பேராசிரியரின் மனைவியாராகிய அவர், கணவர்தம் நூல்களுக்கு மரச்செதுக்குப் படங்கள் அமைத்த கலைஞர். ஊர்ப்பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்திக் காட்டியும், ஆசிரியர்க்கு வெளியீடுகள் எழுதியும் பணியாற்றினார். 1899இல் அவர்க்கு உதவிப் பேராசிரியர் பதவி வழங்கப்பட்டது. பெண்ணொருவர் அவ்வரிசையில் அமர்வதை ஆட்சிக்குழுவினர் ஏற்காமையால் 1900இல் அது விரிவுரையாளர் பதவியாகக் குறைக்கப்பட்டது. உதவிப் பேராசிரியர் பதவி மீண்டும் 1913இலும், பேராசிரியர் பதவி 1920இலுமே அவர்க்குக் கிடைத்தன.

1911இல் அவர் வெளியிட்ட 'இயற்கைப் பாடக் கைந்நூல்' 900 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். நட்டமே தரும் என்று கருதப்பட்ட அந்நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் அச்சில் உள்ளது. அந்நூலின் முற்பகுதியில், ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று மாணாக்கரிடம் சொல்லுதற்குத் தனிப்பகுதியே ஒதுக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. தெரியாது என்பது ஆசிரியரின் மதிப்பைக் குறைக்கும் என்னும் அச்சத்தை அம்மையார் மறுக்கின்றார். ஆசிரியரும் மாணாக்கரும் உடன் சேர்ந்து தேடுதற்குரிய தொடக்கமாக அச்சொல்லை அவர் கொள்கின்றார்.

சிறுவர்க்கெனச் சுபென்சர் அமைத்த இளம் இயற்கையாளர் கழகங்களும் இவ்வகையினவே. கழகத்தில் சேர்வதற்குக் காசு வேண்டியதில்லை. தாம் கண்டதைக் கடிதமாக எழுதுவதே உறுப்பினர் செலுத்தும் கட்டணம். 'சான் மாமா' என்று சிறுவர் அவரை அழைத்தனர். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் இதாக்காவை அடைந்தன. பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்குச் சென்ற தாள்களினும் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்த தாள்கள் மிக்கிருந்த நிலையை இதற்கு முன் எக்கல்வி முயற்சியிலும் காண்டல் அரிது. ஆசிரியர் வெளியீடுகள் 1904இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன.

5. ஐயாயிரம் கடிதங்கள்

உழவர்க்கெனக் கல்லூரி அஞ்சல்வழிப் படிப்புத் திட்டம் ஒன்றை முன்னரே தொடங்கியிருந்தது. பாடச் சிற்றேட்டோடு வினாத்தாளும் செல்லும். உழவர் விடையெழுதி அனுப்புவர். அச்சிற்றேடுகள் சென்ற இல்லங்களில் பெண்டிரும் இருந்தனர். அவர்க்கும் ஒரு திட்டம் வேண்டும் எனக் கருதிய பெய்லி, 1900இல் மார்த்தா வான் ரென்சலார் என்னும் அம்மையாரை அழைத்தார். அம்மையார் 1864இல் பிறந்தவர். அப்போது பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிராதவர். காட்டராகசு வட்டாரத்தில் பள்ளி ஆணையராக இருந்தவர். பள்ளிகளைப் பார்வையிட ஊர்தோறும் சென்றமையால் உழவர் இல்லங்களின் நிலையை நேரில் அறிந்திருந்தார். அவர்க்குக் கிடைத்தது மாரில் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை.

அவர் செய்த முதற்பணி பாடம் எழுதுதல் அன்று, கடிதம் எழுதுதல். உழவர் மனைவியர் ஐயாயிரவர்க்கு, அவர்தம் இல்லப் பணியின் சுமை யாது, அதனைக் குறைக்க யாது வேண்டும் என வினவிக் கடிதம் விடுத்தார். 2,000 பேர் விடை எழுதினர். அஞ்சல்வழி வினவப்பட்டோருள் ஐவரில் இருவர் விடை எழுதினர் என்பது, அவ்வினாவிற்காக அவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தனர் என்பதைக் காட்டும். உழவரின் நலம் பற்றிப் பல குழுக்கள் ஆராய்ந்திருந்தன. உழவரின் மனைவியை நோக்கி, நுமக்கு என்ன வேண்டும் என்று அரசின் சார்பிலோ கல்வியின் சார்பிலோ வினவியோர் அரியர்.

அவ்விடைகளினின்றே முதற்சிற்றேடு பிறந்தது. 1901 சனவரியில் வெளிவந்த அதன் பெயரைக் 'காலடிச் சிக்கனம்' எனத் தமிழாக்கலாம். அடுப்பு ஓரிடம், நீர் ஓரிடம், உணவுப்பொருள் ஓரிடமாகக் கிடந்த சமையற்கூடத்தில் ஒரு பெண் நாள்தோறும் நடக்கும் நடையை எவ்வாறு குறைக்கலாம் என்பது அதன் பொருள். பொருளின் சிறுமையைக் கண்டு இதனை எள்ளுதல் ஆகாது. தோட்டத்திற்கு மருந்தடிக்கும் கருவி வாங்கிய உழவன், மனைவி நீர் சுமக்கும் தொலைவை எண்ணிப்பார்த்ததில்லை. அடுப்புக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தொலைவு ஆராய்ச்சிக்குரிய பொருள் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு வந்த தாள் கூறியது. பெண்ணின் உழைப்பு அளக்கத்தக்கது, குறைக்கத்தக்கது, மதிக்கத்தக்கது என்னும் கருத்து அச்சேறியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

திட்டத்தில் சேர்ந்தோர் தொகை சில ஆண்டுகளில் 20,000ஐக் கடந்தது. சிற்றேட்டோடு சென்ற வினாத்தாளுக்கு விடை எழுதியோர், வினாவில் இல்லாத தம் துன்பங்களையும் எழுதினர். அண்டை வீட்டினர் ஒருங்குகூடிப் படிக்கக் கார்னெல் படிப்புக் கழகங்கள் அமைந்தன. இவ்விடைகளே அடுத்த சிற்றேடுகளின் பொருளை வகுத்தன. எனவே அச்சிற்றேடுகளை அம்மையார் ஒருவர் எழுதியன என்பதினும், அவரும் பெயர் தெரியாத பல்லாயிரம் பெண்டிரும் சேர்ந்து எழுதியன என்பதே பொருந்தும்.

6. துணியும் நுண்ணுயிரும்

மக்கட்கு எழுதும்போது எவ்வளவு கூறுவது என்பது எக்காலத்தும் எழும் சிக்கல். வான் ரென்சலார் அம்மையாரின் பணி பற்றி வழங்கும் செய்தியொன்று இதனை விளக்கும். பாத்திரம் துடைக்கும் துணியில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிச் சிற்றேடு எழுதக் கருதிய அவர், நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவரிடம் உதவி நாடினார். உழவர் மனைவியர் நுண்ணுயிரை அறிய வேண்டுவதில்லை. தூய துணி பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னால் போதும் என அவர் விடையிறுத்தாராம். அம்மையார் அதனை ஏற்கவில்லை; துணியின் நுண்ணுயிரியலையே பொருளாகக் கொண்டு பாடம் அமைத்தார்.

இந்நிகழ்ச்சியில் இருவகை எளிமை எதிர்நிற்கக் காண்கின்றோம். பேராசிரியர் கூறிய எளிமை, காரணத்தை மறைத்துக் காரியத்தை ஏவும் எளிமை. அம்மையார் மேற்கொண்ட எளிமை, காரணத்தையே விளங்கும் சொல்லில் கூறும் எளிமை. முன்னது படிப்போரைச் சிறுவராக்கும். பின்னது படிப்போரை ஆராய்வோராக்கும். காரணம் அறிந்தவள் துணியோடு நில்லாள். பாற்கலத்தையும் குழந்தையின் புட்டியையும் தானே ஆராய்வாள். அறிவியல் உரைநடையில் எளிமை என்பது பொருளைக் குறைப்பதன்று, தடையைக் குறைப்பது என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1907இல் புளோரா ரோசு அம்மையார் வந்து சேர, மனையியல் தனித்துறையாக வளர்ந்தது. 1911இல் இருவரையும் பேராசிரியராக்கும் முன்மொழிவு வந்தபோது, பெண்களைப் பேராசிரியராக்குதலைப் பொதுவாகத் தாம் விரும்பவில்லை என்றும், மனையியல் துறையில் அதற்குத் தடை கூறவில்லை என்றும் பல்கலைக்கழகப் பேராசிரியர் குழு தீர்மானித்தது. அவ்வாறு மனமின்றித் திறந்த வாயிலின் வழியே கார்னெலின் முதல் முழுநிலைப் பெண் பேராசிரியர்கள் நுழைந்தனர். 1925இல் அத்துறை மாநில மனையியல் கல்லூரியாயிற்று. கீழ்த்தளத்து அறையில் தொடங்கிய கடிதப் பணி கால் நூற்றாண்டில் தனிக்கல்லூரியாக வளர்ந்த வரலாறு இது.

7. வினா சட்டமாதல்

1903இல் ராபர்ட்சு ஓய்வுபெற, பெய்லி தலைமை ஏற்றார். 1904இல் மாநில அரசு கல்லூரியைத் தன் கல்லூரியாக ஏற்றுக் கட்டடங்களுக்கு 2,50,000 டாலர் வழங்கியது. பெய்லியின் புகழ் நாடெங்கும் பரவவே, 1908இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டு ஊர்ப்புற வாழ்வினை ஆராய அமைத்த ஆணைக்குழுவிற்கு அவரையே தலைவராக்கினார். அக்குழு 5,50,000 வினாத்தாள்களை விடுத்து, ஏறத்தாழ 1,15,000 விடைகளைப் பெற்றது. கார்னெலில் ஐயாயிரவரோடு தொடங்கிய முறை நாடளாவியதாக விரிந்தமையை இதிற் காணலாம். 1909இல் வெளிவந்த அறிக்கை, ஒவ்வொரு மாநில வேளாண் கல்லூரியும் மக்கட் பணியை முறையாக மேற்கொள்ளுமாறு நாடு முழுதும் ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மற்றொரு முறையும் அக்காலத்தில் தெற்கே வளர்ந்தது. சீமன் நாப்பு என்பார் 1903இல் டெக்சாசு மாநிலத்துத் டெரல் என்னும் ஊரில் உழவரின் சொந்த நிலத்திலேயே புதுமுறையைச் செய்துகாட்டச் செய்தார். உழவன் கேட்பதை நம்பான், காண்பதையும் ஐயுறுவான், தானே செய்ததை மறுக்கமாட்டான் என்பது அவர்தம் கொள்கை. வேளாண் விரிவுப் பணியின் வரலாற்றை எழுதுவோர் நாப்பினின்று தொடங்குவது வழக்கம். செயல்விளக்கத்திற்கு அது பொருந்தும். எனினும் நாப்பின் முறையில் எதைச் செய்ய வேண்டும் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. நியூயார்க்கின் முறையில் எதை அறிய வேண்டும் என்பதே முதலில் வினவப்பட்டது. இரண்டும் வேறுவேறு ஊற்றுகள் என்பதும், 1894இன் ஊற்று காலத்தால் முந்தியது என்பதும் நம் கருத்து.

1911 மார்ச்சில் நியூயார்க்கின் புரூம் வட்டாரத்தில், பிங்காம்டன் நகர வணிகர் கழகமும், இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றும், கூட்டரசின் வேளாண் துறையும் சேர்ந்து, கார்னெலில் பயின்ற சான் பாரன் என்பாரை வட்டார வேளாண் அலுவலராக அமர்த்தின. 'பார்ம் பீரோ' என்னும் பெயர் அங்கிருந்தே தோன்றிப் பரவிற்று. 1914 மே 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஒப்பமிட்ட சுமித்து–லீவர் சட்டம் இப்பணியை நாடு முழுதும் நிலைநாட்டியது. கூட்டரசும் மாநிலமும் பொருள் பகிர்ந்தளிக்க, கல்லூரிகள் பணியை நடத்துவனவாயின. வேளாண்மையோடு மனையியலும் அச்சட்டத்தில் இடம்பெற்றமை மேற்கூறிய அம்மையாரும் அவர்போன்ற பிறரும் உழைத்த உழைப்பின் பயனாகும்.

ஆயினும் சட்டத்தின் சொல்லை நோக்குதல் வேண்டும். பயனுள்ள செய்தியை மக்களிடையே 'பரப்புதல்' அதன் குறிக்கோள். கல்லூரிக்கு வாராதார்க்குப் பாடமும் செயல்விளக்கமும் 'அளித்தல்' அதன் பணி. பரப்புதலும் அளித்தலும் ஒரு திசையிற் செல்வன. வினவுதலைக் குறிக்கும் சொல் அதில் முதன்மை பெறவில்லை. அலுவலர் பெருகினர், ஆண்டறிக்கைகள் பெருகின. மருந்து தெளித்தாயோ, புதுவித்து விதைத்தாயோ என அலுவலர் கேட்கும் வினா, தெளி, விதை என்னும் ஏவலாக முடிவது எளிதாயிற்று. வழியைத் திறந்த சட்டமே அவ்வழியின் போக்கையும் ஒருவாறு மாற்றியது எனலாம்.

8. வினவப்படாதோர்

வினாவே இப்பணியின் உயிர் எனின், வினவப்படாதோர் யாவர் எனக் காண்பது நம் கடமையாகும். தென்மாநிலங்களில் 1890ஆம் ஆண்டின் இரண்டாம் மாரில் சட்டத்தின்கீழ்க் கறுப்பின மக்கட்கெனத் தனிக்கல்லூரிகள் அமைந்திருந்தன. 1914ஆம் ஆண்டுச் சட்டம், இரு கல்லூரிகள் உள்ள மாநிலத்தில் பொருளை எக்கல்லூரி கையாள்வது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்ய விட்டது. அம்மன்றங்கள் வெள்ளையர் கல்லூரிகளுக்கே பொருளை அளித்தன. 1906இலேயே டசுகீகி நிறுவனம் பொருட்காட்சி வண்டியொன்றை ஊர்தோறும் செலுத்தியது. தாமசு மன்றோ கேம்பெல் என்னும் கறுப்பின அலுவலர் அவ்வண்டியோடு சென்று பணியாற்றினார். திறமையும் முயற்சியும் இருந்தும் அவர்க்குரிய பங்கு கிட்டவில்லை.

நியூயார்க்கிலும் குறை இல்லாமல் இல்லை. கடிதம் எழுதுவோர் எழுத்தறிந்தோர். சிற்றேடு சென்ற இல்லம் முகவரியுள்ள இல்லம். பருவந்தோறும் பழம் பறிக்க வந்து செல்லும் கூலியாளர்க்கு வினாத்தாள் சென்றிருத்தல் அரிது. வட்டார அலுவலர்கள் பார்ம் பீரோ என்னும் அமைப்போடு நெருங்கிப் பணியாற்றியமையால், அதில் சேர்ந்த வசதியுள்ள உழவரின் குரலே மிகுந்து கேட்கும் நிலை தோன்றியது. இத்தொடர்பை அறுக்கக் கூட்டரசின் வேளாண் அமைச்சர் 1954இல் ஆணையிட வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் நாம் குறித்த இரண்டாம் கடன், நிலம் இழந்த பழங்குடியினர்க்குரியது. இப்பணி வளர்ந்த இருபதாண்டுகளின் வினாத்தாள்களில் அக்கடன் இடம்பெறவில்லை.

இக்குறைகளைக் கூறுவதால் முற்கூறிய பணியின் சிறப்புக் குன்றாது. யாரை வினவினரோ அவர் வாழ்வில் பயன் விளைந்தது; யாரை வினவவில்லையோ அவர் வாழ்வு ஏட்டில் ஏறவில்லை. இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்களாம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: கார்னெல் வேளாண் கல்லூரியின் மக்கட் பணி, சட்டாக்குவாத் தோட்டத்தார் விடுத்த வேண்டுகோளால் தூண்டப்பட்டது. பெய்லியும் காம்சுடாக்கு அம்மையாரும் பள்ளியில் அறியாவினாவிற்கு இடம் தந்தனர். சுபென்சரும் வான் ரென்சலார் அம்மையாரும் ஊரார் எழுதும் கடிதத்தைக் கல்வியின் பகுதியாக்கினர். எளிமை என்பது காரணத்தை மறைப்பதன்று என்பது பாத்திரத் துணியின் பாடத்தால் விளங்கியது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் பணியை நிலைபெறச் செய்து, வினாவினும் ஏவலுக்கு மிகுந்த இடம் தந்தது.

இவற்றுள் நம்மனோர்க்குப் பயன்படுவது ஒன்றுண்டு. அறிவியலைத் தமிழில் எழுதுதல் பற்றி ஆராயும் நாம், கலைச்சொல்லாக்கத்தையும் நடையையும் பெரிதும் பேசுகின்றோம். அவை வேண்டுவனவே. படிப்போர் எழுதிய விடையையும் வினாவையும் நாம் அத்துணைப் பேணுவதில்லை. மனையியல் கல்லூரியின் பதிவுகளைக் கார்னெல் நூலகம் தன் ஆவணப் பகுதியில் காத்துவருகின்றது. அதனாலன்றோ 'காலடிச் சிக்கனம்' என்னும் சிற்றேட்டின் பின்னணியை நூறாண்டு கடந்தும் நாம் அறிய முடிகின்றது. உழவிற்கும் இல்லத்திற்கும் உடல்நலத்திற்கும் எனத் தமிழில் வெளிவந்த இதழ்களுக்கு வாசகர் எழுதிய கடிதங்கள் எங்குள்ளன, எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதைத் தேடித் தொகுத்தல் நம் துறை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். எழுதியவன் கருத்தை அச்சிட்ட ஏடு காட்டும். அது சென்று சேர்ந்த வகையைப் படித்தவர் எழுதிய கடிதமே காட்டும்.